உன் ரத்தம் அப்பாவுக்குச் சேராதாம்

அன்புள்ள ஸ்ரீநிவாஸுக்கு அம்மா எழுதுவது. நானும் மஹிமாவும் சாந்த்ராகாச்சியில் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீ மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும். போன் போட்டால் தங்கையிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

மஹிமாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ரத்த குரூப் பார்க்கும் பிராக்டிகல். நிஜ ரத்தம் இல்லை, அதற்கென்று விற்கிற சாயம், வீட்டிலேயே ஒருதரம் செய்து பார்க்கிறேன் என்று பரப்பி உட்கார்ந்தாள். ஏ, பி என்று எழுதி ஒட்டின ரத்தத்துக்கும் மருந்து விட்டாள், தெரிந்ததற்கு எதற்கடி வீண் செலவு என்றேன். தட்டில் ஒரு குழியில் வெறும் உப்புத்தண்ணீர்தான் விட்டிருந்தாள், மறந்துவிட்டாள் போல என்று நான் அதிலும் ஒரு சொட்டு மருந்து விட்டுவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டாள். "அது சும்மா இருக்கணும்மா, அதுதான் கன்ட்ரோல். தெரிஞ்சதையெல்லாம் முதல்ல பார்த்தாத்தான் தெரியாததுல வர்றதை நம்பலாம்" என்றாள். நம் வீட்டில் எல்லாருக்கும் ஒரே ரத்தம்தானே என்று கேட்டேன். பீரோவிலிருந்து அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டையும் உன் பழைய லைசென்ஸையும் எடுத்துக் காட்டினாள். அப்பா பி, நீ ஏபி. அண்ணன் ரத்தம் அப்பாவுக்குச் சேராது, ஏற்றினால் ஆபத்து என்றாள். அப்பா போன அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போனில் நான் உன்னிடம் சொன்னது என்ன, பெற்ற பிள்ளை பக்கத்தில் இருந்து ரத்தம் கொடுத்திருந்தால் மனுஷர் பிழைத்திருப்பார் என்றுதானே. ரயில்வே யார்டில் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் மூன்று பாட்டில் கொடுத்தார்கள், அப்படியும் உயிர் நிற்கவில்லை. பிள்ளை ரத்தம் என்றால் கேள்வி இல்லாமல் சேரும் என்று நானாக நினைத்துக்கொண்டேன், ஒருவரையும் கேட்கவில்லை. நீ வந்து காரியம் முடித்து, என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாய். சாயங்காலம் ஹௌரா லோக்கல் வந்து நின்றால் படியில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காது அங்கேயே போகிறது, அப்பாவுக்காகவா உனக்காகவா, எனக்கே தெரியவில்லை.

கார்த்திகையில் அப்பாவுக்கு வருஷத் திதி. நீ வராவிட்டால் சாய் கிருஷ்ணா சித்தப்பா செய்துவிடுவார், அப்பாவுக்குக் குறை இருக்காது, எனக்குத்தான் இருக்கும். வந்து என்னை என்ன வேண்டுமானாலும் கேள், பதில் பேசமாட்டேன். முருகன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும், வெயிலில் தலையை மூடாமல் போகாதே. டிக்கெட் எடுத்ததும் மஹிமாவிடம் சொல்லாதே, என்னிடம் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா சகுந்தலா