லயத்து ரோட்டில் வெள்ளைக் கொடி

வியாழன், இரவு

இன்றைக்கு எஹலியகொடைக்குப் போய் கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரரைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் சமையல் வேலை பார்த்த எண்ணெய்க் கப்பலைத் திங்கட்கிழமை ஒரு நீர்மூழ்கிக் கப்பல் அடித்து மூழ்கடித்துவிட்டது. யாருடைய யுத்தமோ. "கொஞ்சப் பேரைக் கடல்லருந்து தூக்கியிருக்காங்க நங்கி, அதுல அவர் இல்ல. செத்துட்டாருன்னும் சொல்ல முடியாது" என்று தங்கச்சியிடம் சொல்வதுபோல் சிங்களத்தில் சொன்னார். வேறு எங்கே போய்க் கேட்பதென்று அவருக்கும் தெரியவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கினால், ரோட்டிலிருந்து தோட்டத்து வீட்டு வரிசை, எங்கள் லயம் வரைக்கும் றப்பர் மரங்களில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. பாவம், யார் செத்தது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். எங்கள் வாசலில் நாற்காலிகள் போட்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

பக்கத்து வீட்டு மாரி அண்ணன் எழுந்து நின்றார். "டீவியில கப்பல் முழுகிருச்சுன்னு காட்டினாங்க தங்கச்சி. நீங்க தனியா என்னா செய்வீங்கன்னு நாங்களே கட்டிட்டோம்."

"அவரு செத்துட்டாருன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கத்திவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மேல் என்ன கோபம்? கடலிடம் போய்க் கத்த முடியாது.

மகளும் நானும் திரும்பிப் போய் ஒவ்வொரு மரமாகக் கொடிகளை அவிழ்த்தோம். அவளுக்கு எட்டாததை நான் அவிழ்த்தேன்.

அடுப்பில் போடத்தான் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். போடவில்லை. மடித்து, இவருடைய சட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.