வாசலில் விரித்த வலை

இஞ்சாருங்கோ,

நூல்வேலைச் சந்தையில் தொங்கவிட என்று உங்கள் வலையைக் கேட்டு வாங்கினார்கள். போய்ப் பார்த்தால், மண்டப வாசலில் கம்பளம்போல விரித்திருக்கிறார்கள். சனம் செருப்போடு மிதித்துப் போகிறது.

“வலையை மிதிச்சால் மீன் படாது, பிள்ளை!” என்று கத்தினேன்.

சந்தையை நடத்துகிற ஆரணி சிரித்தாள். “கட்டாருக்கு வேலைக்குப் போன அண்ணை இனிக் கடலுக்குப் போவாரே, அக்கா?”

வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். அவள்மேல் இருந்த கோபமெல்லாம் வீடு வருமுன் உங்கள்மேல் திரும்பிவிட்டது. நீங்கள் “வாற வருஷம் வாறன்” என்று சொல்லச் சொல்ல, நானும் இந்த வலையை எலி கடிக்காமல் காத்துக்கொண்டிருக்கிறேன்.

கழுவிக் காயப்போட்டிருக்கிறேன். வைத்திருப்பதா, விற்பதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் தொண்டைமானாறு ஊரில் இருப்பவள்