குட்டைத் தண்ணீரின் நீலம்

வேப்பனப்பள்ளி

அன்பு மகள் சௌமியாவுக்கு அப்பா ஆசியோடு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அங்கே பனியில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம். மழை விடவில்லை, ராகி அறுக்க ஆள் இல்லை, எல்லோரும் விடிவதற்குள் ஓசூர் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். என் முட்டிவலி அப்படியேதான், நீ அனுப்பிய தைலத்தில் வாசனைதான் ஜாஸ்தி.

அச்சுக்குக் கொடுக்குமுன் பார்த்துச் சொல்லச் சொல்லி நீ அனுப்பிய படப் புத்தகம் வந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, அதனால் குறையிலிருந்தே தொடங்குகிறேன், கம்பெனியில் காலமெல்லாம் இன்ஸ்பெக்‌ஷனில் நின்றவன் வேறெப்படிப் பார்ப்பேன். நம் ஊர் மாட்டுக்குக் கொம்பு பின்னால் சாயும், நீ குடைக்கம்பி மாதிரி வளைத்திருக்கிறாய். பையன் சட்டை ஒரு பக்கத்தில் சிவப்பு, அடுத்த பக்கத்தைப் புரட்டினால் ஆரஞ்சு, குழந்தைகள் வேறு பையன் என்று நினைக்கும். நாய் துரத்தும் இடத்தில் படமே எல்லாம் சொல்லிவிடுகிறது, அதைப் போய் எழுத்தில் மறுபடி எதற்குச் சொல்கிறாய். ஆனால் அந்தக் கடைசிப் படம், உன் தம்பி தினேஷ் கல்குவாரிக் குட்டைக்குள் மீன்களோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படம், அதில் ஒரு குறையும் இல்லை. எனக்குப் பயமே அதுதான். அவன் அங்கே மூழ்கிச் செத்ததை நீ எழுதவில்லை, மீன்கள் கூப்பிட்டன, போனான், சந்தோஷமாக இருக்கிறான் என்று முடித்துவிட்டாய்.

ஓட்டிப் பார்க்காமல் எந்தச் சரக்குக்கும் நான் பாஸ் போட்டதில்லை. பக்கத்து வீட்டுக் காவியாவிடம் கொடுத்தேன். ஒன்றாம் வகுப்பு, வீட்டில் தெலுங்கு, தமிழ் இன்னும் எழுத்துக்கூட்டித்தான், அதனால் படத்தை மட்டுமே புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து, "தாத்தா, இது நம்ம குட்டைதானே? அந்த அண்ணனுக்குத் தண்ணிக்குள்ளாற மூச்சு முட்டலியா? நானும் போனா மீனு பேசுமா?" என்று கேட்டாள். புத்தகத்தை வாங்கி மூடிவிட்டேன். அந்தக் குட்டைக்கு இன்னும் வேலி கிடையாது, இந்த மழைக்கு விளிம்பு வரை நிறைந்திருக்கிறது. அதன் தண்ணீர் பச்சை, நடுவில் கறுப்பு. நீ நீலம் போட்டிருக்கிறாய்.

அம்மா சங்கதி இதைவிட மோசம். இத்தனை வருஷம் குட்டைப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தவள் புத்தகம் வந்ததிலிருந்து திறந்து வைக்கிறாள். சோறு போட்டுக்கொண்டே, "ஏங்க, அவன் அங்க நல்லாத்தான் இருக்கறான் போல" என்கிறாள். நேற்று மத்தியானம் ஆளைக் காணோமே என்று தேடினால் குட்டைக் கரையில் நிற்கிறாள், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு. கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். அழுதிருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும், அவள் அழவே இல்லை. உன்மேல் கோபமில்லை கண்ணு. நானும்தான் அந்தப் படத்தை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், பார்க்கப் பார்க்க அந்தத் தண்ணீருக்குள் சுகமாக இருக்கும் என்று எனக்கும் தோன்றுகிறது. அவ்வளவு நன்றாக வரைந்திருக்கிறாய்.

அந்தப் பக்கத்தை மாற்றிவிடு. தண்ணீருக்கு அதன் நிறத்தையே போடு, பார்க்கிற பிள்ளை ஓரடி பின்னால் போக வேண்டும். யாராவது ஒருத்தர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாக வரை, அவன் திரும்பிப் பார்க்கட்டும். அன்றைக்கு அப்படி யாரும் கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியாதா. புத்தகத்திலாவது அவன் வீட்டுக்கு வரட்டும்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழ வேண்டும். நான் எழுதியதைப் பற்றி அம்மாவிடம் மூச்சு விடாதே. தினமும் இங்கே மத்தியானம் ஆகும் நேரத்துக்கு அவளுக்குப் போன் போடு, அவள் எடுக்கும்வரை விடாமல் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா
கங்கப்பன்