அம்மாவின் நெஞ்சில் ஓடும் கரண்ட்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பித்தால் பாதிப் பொய், நலமில்லை என்று எழுதினால் உன் அம்மா என்னைச் சும்மா விடமாட்டாள், அதனால் நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அம்மாவுக்குப் போன வாரம் இதயத்தில் கதிர்வீச்சு சிகிச்சை முடிந்துவிட்டது. கத்தியில்லை, ரத்தமில்லை, கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அசையாமல் படுத்திருந்தாள், அவ்வளவுதான். வெளியே வந்ததும், மூக்கு அரிச்சதுதான் பெரிய கொடுமை என்றாள். வெளியே உட்கார்ந்திருந்த எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது.

உன்னிடம் மறைத்த ஒன்றை இப்போது சொல்கிறேன், பதறாதே. போன மாதம் துடிப்பு தாறுமாறாகி, துடிப்பைச் சீராக்கத் தோளெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைத்திருக்கும் பெட்டி அடுத்தடுத்து ஷாக் கொடுத்து அவளைச் சமையலறைத் தரையில் சுருட்டிப் போட்டது. அன்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள், கதிர் வெச்ச பிறகும் அடிச்சா பெட்டியை அணைக்கச் சொல்லிடுங்க, இனிமே என்னால தாங்க முடியாது என்று. அணைத்துவிட்டால் அடுத்த முறை ஆள் தப்பாது என்று அவளுக்கும் தெரியும்.

நானோ காலமெல்லாம் வயரிங் பார்த்தவன். மாரடைப்பில் செத்துப்போன தசையைச் சுற்றிக் கரண்ட் தப்பு வழியில் ஓடுகிறது, கதிர் அந்த வழியைப் பொசுக்கிவிடும், அன்றோடு தீர்ந்தது என்று அவளிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எல்லாம் தெரிந்த மேதாவி அல்லவா. நேற்று காலை துணி மடித்துக்கொண்டிருந்தபோது பெட்டி அடித்தது. ஒரே ஒரு அடி. அவள் அழவில்லை, என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன், பெட்டியைச் சோதித்துவிட்டு அவளைப் படுக்க வைத்தார்கள், நான் டாக்டரம்மா அறையில் போய்க் குதித்தேன். அவர் கோபப்படவில்லை. தழும்பு விழுந்து தப்பு வழி அடைபட்டுத்தான் தாறுமாறு துடிப்பு அடங்குதுன்னு நாங்களும் நினைச்சோம், ஆனா தழும்பு விழ மாசக்கணக்காகும், அதுக்கு முன்னாடியே பல பேருக்குச் சீராகுது, கதிர் பட்ட இடத்துல உயிரோட இருக்கிற தசை, வயசு குறைஞ்ச மாதிரி கரண்டை வேகமாக் கடத்தி, அது தப்பு வழியில சுத்துறதைத் தடுக்குதுன்னு தோணுது, முழுசா எங்களுக்கே இன்னும் தெரியாது, எல்லாருக்கும் கேட்கும்னும் சொல்ல மாட்டேன், சில வாரம் பொறுத்துப் பார்க்கணும் என்றார். சூடு பட்ட வயர் முன்னைவிட நன்றாகக் கடத்தும் என்று என் வேலையாள் எவனாவது சொல்லியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

இன்று வீட்டுக்கு வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் சொன்னது தப்பு என்பதையும் சேர்த்து. சத்தியத்தை மீற மாட்டேன், நீ சொல்வதுதான் என்றேன். அவள் நேற்று விட்டுப்போன மீதித் துணியை மடிக்க உட்கார்ந்தாள். அப்புறம் என் சட்டையை உதறிக்கொண்டே, அப்போ நேத்து அடிச்சதைக் கணக்குல சேர்க்காதீங்க என்றாள்.

வாரா வாரம் அல்ல, தினமும் அவளிடம் பேசு, சத்தியம் பற்றித் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. இருமுகிறாளா என்று நைசாகக் கேள், நுரையீரலிலும் கதிர் பட்டிருக்கலாமாம், என்னிடம் மறைப்பாள். நேரத்துக்குச் சாப்பிடு. இருவரும் நூறு வயசு இருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா