எந்த உலக இன்பம், அக்கா?

இன்று காலை ஆதார் நகல் எடுக்கப் பேருந்து நிலையம் அருகே ஒரு கடையில் நின்றேன். இயந்திரத்திலிருந்து வந்த தாளைச் சூடு ஆறுவதற்குள் என் கையில் கொடுத்தார்கள். இஸ்திரி போட்ட துணியும் மையும் கலந்தது போன்ற அந்த மணம் வந்ததும் நகர முடியாமல் நின்றுவிட்டேன். உன் கடையில் அடித்த மணம் அது. பின்னால் நின்றவர், "டீச்சர், கொஞ்சம் தள்ளிக்கிடுங்க" என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய கையோடு உனக்கு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னிடம் முதன்முதலாக வந்தது சபை மாத இதழுக்காக. வீரகேரளம்புதூர்ப் பள்ளியில் பாடம் நடத்திவிட்டுத் தென்காசிக்குத் திரும்புகிற பேருந்தில் மனசுக்குள் எழுதி, வீட்டில் தாளில் இறக்குவேன். அந்தக் கையெழுத்தை யாராவது தட்டச்சு செய்து தர வேண்டும். யானைப்பாலம் பக்கத்தில் ஒரு அம்மா நன்றாகச் செய்கிறார் என்றார்கள். வந்து பார்த்தால் என்னைவிட இளையவள், தலையில் முக்காடு, கழுத்தைத் திருப்பாமலே விசைப்பலகையில் விரல் ஓடுகிறது. கணவர் துபாயில். கடையை நீயே திறந்து நீயே பூட்டினாய். ஒரு கிறிஸ்தவத் தாயின் விசுவாசக் கட்டுரையை ஒரு முஸ்லிம் பெண் தட்டச்சு செய்வதில் உனக்குச் சங்கடம் இருக்குமோ என்று நான்தான் தயங்கினேன். நீ தாளை வாங்கி முதல் பத்தியைப் படித்துவிட்டு, "நல்லா எழுதுதீங்க, அக்கா. நாளைக்கு வாங்க" என்றாய்.

மறுநாள் வந்தபோது கட்டுரை தயாராக இருந்தது, கூடவே ஒரு கேள்வியும்.

"அக்கா, இங்கன 'என் உள்ளம் சமாதானத்தால் நிரம்பியது'ன்னு இருக்கு. அது எப்படி இருந்துச்சு?"

"எப்படின்னா?"

"இல்ல, தெரிஞ்சுக்கிடத்தான் கேக்கேன். வயிறு நெறஞ்ச மாதிரியா, இல்ல காய்ச்சல் விட்ட மாதிரியா?"

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே யோசித்தேன். அந்த வரியை நான் அனுபவித்து எழுதினேனா, மற்றவர்கள் எழுதிப் படித்த பழக்கத்தில் எழுதினேனா? அதன்பிறகு கட்டுரையை உன்னிடம் கொடுக்கும்போதெல்லாம் நீ எந்த இடத்தில் நிறுத்துவாய் என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். நீ குறை சொன்னதே கிடையாது. உனக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நானும் கேட்கத் தொடங்கினேன். "தொழுகைல நீ என்ன கேப்ப?" என்று ஒருநாள் கேட்டதற்கு, நீ கைவேலையை நிறுத்திவிட்டு யோசித்தாய். "கேக்கதெல்லாம் பொறவுதான், அக்கா. மொதல்ல நெத்தியத் தரையில வைக்கணும்லா. வச்சா, கேக்க வந்ததுல பாதி மறந்து போயிருது" என்றாய். அதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க, எம்பேரு வேண்டாம்" என்றாய். இந்த மடலிலும் உன் பெயர் இல்லை.

என் கணவர் சிறுநீரகம் கெட்டு இறந்தது நீ எனக்கு அறிமுகமாவதற்கு முந்திய ஆண்டு. மகன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தபோது அவன் ஆராதனைக்கு வருவதை நிறுத்தினான். கேட்டால், படிக்க வேண்டும், நண்பன் வீட்டுக்குப் போகிறேன் என்பான். நான் அதை வயசுக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு, பிள்ளைகளைப் பக்தியில் வளர்ப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். 'இன்றைய இளைஞர்கள் உலக இன்பங்களால் ஈர்க்கப்பட்டு ஆலயத்தை மறக்கிறார்கள்' என்று ஒரு வாக்கியம். நீ அங்கே நிறுத்தினாய்.

"எந்த உலக இன்பம், அக்கா?"

"பொதுவாத்தான் எழுதிருக்கேன்."

"இல்ல, உங்க மகன் ஞாயித்துக்கெழம காலைல பாலத்துச் செவர்லதான் உக்காந்திருக்கான். நான் கடை தொறக்கும்போது பாப்பேன். கைல செல்போன்கூட கெடையாது. ஆத்தப் பாத்துக்கிட்டு இருப்பான். அதுல என்ன இன்பம்னு எனக்கு வெளங்கல."

நான் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டது. அந்தத் தாளை உன்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு வேதாகமத்தோடு வீட்டைவிட்டுக் கிளம்பியவள், ஆலயத் தெருவுக்குத் திரும்பாமல் நேரே பாலத்துக்கு வந்தேன். பிள்ளைப்பேற்று நாட்களைத் தவிர நான் ஆராதனையை விட்டதில்லை. நீ கடைக்கதவைத் தூக்கிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்தும் பார்க்காதவள்போல் உள்ளே போய்விட்டாய். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நேரமாச்சுல்லம்மா, மணி அடிச்சாச்சு" என்றான்.

"அடிக்கட்டும்."

சிற்றாற்றில் அன்று செம்மண் கலந்த புதுத் தண்ணீர். மேலே மழை என்று அர்த்தம். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவனேதான், "ஐந்தருவிக்குப் போவமா?" என்றான். நல்ல புடவையும் கைப்பையுமாகப் பேருந்தில் ஏறினேன். அங்கே ஒரே கூட்டம். குளிக்கப் போகாமல், சாரல் வந்து விழுகிற தூரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றோம். தாள் நனைந்து கிழிகிறவரை அவன் பஜ்ஜித் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்.

"அப்பா ஆஸ்பத்திரில இருக்கும்போது நான் உபவாசம் இருந்தேம்மா. நீங்க குடுத்துவிட்ட சோத்த ஸ்கூலுக்குப் பின்னால நாய்க்குப் போட்டுருவேன். யாருக்கும் தெரியாது. அடக்கத்தன்னைக்கு ஒரு மாமா எங்கிட்ட, விசுவாசத்தோட ஜெபிச்சிருந்தா ஆண்டவர் குடுத்திருப்பாருன்னாங்க. நான் செஞ்சது பத்தலியாம்மா?"

எனக்கு வசனங்கள் தெரியும். ஞாயிறு பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தவள். அந்தப் பெஞ்சில் ஒன்றுகூட என் வாயிலிருந்து வரவில்லை. வராமல் போனது நல்லதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

"பத்தாமப் போகலடா. அந்த மாமா சொன்னது தப்பு" என்றேன். "ஆனா ஏன் குடுக்கலன்னு எனக்கும் தெரியல. நானும் இன்னைக்கு வரைக்கும் அவர்ட்ட கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "நீங்களும் கேப்பீங்களா?" என்றான். தன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தான் போலிருக்கிறது. நான் எழுதியதைப் படித்தால் அப்படித்தானே தோன்றும்.

அவன் சம்மதத்தோடு அதைத்தான் எழுதினேன், அவன் பெயரைப் போடாமல். நீ தட்டச்சு செய்து முடித்து நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அன்று மட்டும் கேள்வி கேட்கவில்லை. எங்கள் குருவானவர் படித்துவிட்டு, "முடிவு எங்கம்மா?" என்றார். "இன்னும் வரலைங்கய்யா" என்றேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "சரி, வராமலே போடுவோம்" என்றார். இதழ் வந்த வாரம், ராயகிரியிலிருந்து தங்கை வீட்டுக்கு வந்திருந்த ஒரு அம்மா ஆலய வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க வீட்லயும் இதேதான் டீச்சர்" என்றார். நீ அங்கே இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் உனக்கு வந்தது. வயிற்று வலி என்று கடையைச் சீக்கிரம் பூட்டத் தொடங்கினாய். புற்றுநோய் என்று தெரிந்தபோது கை மீறியிருந்தது. உன் கணவர் துபாய் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். ஒரு மத்தியானம் நான் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன், நீ ஒரு சுளையைக் கையிலேயே வைத்திருந்தாய். உன் கணவர் மருந்து வாங்க வெளியே போனதும் கேட்டாய்.

"அக்கா, அவரு சாகும்போது பயந்தாரா?"

என் கணவரைப் பற்றி 'ஆண்டவருடைய சமாதானத்தோடு கடந்து போனார்' என்று நான் எழுதியிருந்ததைத் தட்டச்சு செய்தவளே நீதான். அதை நம்பவில்லை என்று நீ சொல்லவில்லை. கேட்டாய். இதைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை, நானும் யாருக்கும் சொன்னதில்லை.

"பயந்தாரு" என்றேன். "எங்கைய விடவே இல்ல. சங்கீதம் வாசிச்சேன், கொஞ்ச நேரம் பயம் இல்லாம இருந்தாரு. மறுபடியும் பயந்தாரு. கடைசில தூங்கிட்டாரு."

நீ மூச்சை இழுத்து விட்டாய். "அப்ப சரி" என்றாய். "நான் மட்டுந்தான் இப்படியோன்னு நெனச்சேன். ஈமான் பத்தலியோன்னு." ஈமான் என்று நீ சொன்னது, நான் விசுவாசம் என்று எழுதுவதைத்தான். பிறகு அந்தச் சுளையை வாயில் போட்டுக்கொண்டாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு என் முறையில் ஜெபித்தேன். உன் உதடும் அசைந்துகொண்டிருந்தது. என்ன கேட்டாய் என்று நான் கேட்கவில்லை. உன்னிடம் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுதான். இப்போதும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

உன்னைச் சித்தி என்று கூப்பிடுகிற என் மகன் உன் அடக்கத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்தான். அங்கேதான் வேலை பார்க்கிறான். நான் உள்ளே பெண்களோடு இருந்தேன், அவன் ஆண்களோடு கபர்ஸ்தானுக்குப் போனான். செருப்பெல்லாம் சேறாகத் திரும்பி வந்தான்.

"எல்லாரும் கைய ஏந்திக்கிட்டு நின்னாங்கம்மா. நானும் நின்னேன்."

"என்னடா சொன்ன?"

"சித்தியப் பத்தி அவர்ட்டதான். வேற யார்ட்ட சொல்ல?"

சபையில் சிலர், மகன் இப்போது விசுவாசத்தில் இருக்கிறானா என்று கேட்கிறார்கள். தெரியவில்லை என்று சொல்கிறேன். அவன் இன்னும் ஆலயத்துக்குப் போவதில்லை. ஆனால் ஞாயிறு ஆராதனை முடிகிற நேரம் பார்த்துப் போன் செய்து, இன்று என்ன பிரசங்கம் என்று கேட்கிறான். நான் சொல்கிறேன், அவன் மறுத்துப் பேசுகிறான். சில வாரம் நானும் அவன் பக்கம் சேர்ந்துகொள்கிறேன். இதையெல்லாம் நீ கேட்டிருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பாய்.

போன ஞாயிறு பிரசங்கத்தைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு, "அம்மா, அப்பா போகும்போது எப்படி இருந்தாங்க?" என்றான். இத்தனை வருடத்தில் முதல் தடவை. அன்று ஆஸ்பத்திரியில் உனக்குச் சொன்னது போலவே, ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவன் அழுதான், நானும் அழுதேன். பிறகு அப்பா என் கையை விடாமல் இருந்ததைப் பற்றி, அவருடைய கோபத்தைப் பற்றி, அவர் பாடும்போது சுருதி விலகுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தோம். அடுப்பில் மீன்குழம்பு அடிப்பிடிக்கிற வாடை வந்தது. நான் எழுந்து போகவில்லை.