சில்லுப் பூட்டின வள்ளம்

மரியே வாழ்க

பீல், சுவிஸ்
14.10.1986

அன்புள்ள செசீலியாவுக்கு,

சுகமாய் இருக்கிறன் எண்டு எழுதினால் நீ நம்பப்போறதில்லை, எண்டாலும் எழுதுறன். போன வருஷம் இஞ்சை வந்ததிலையிருந்து இது ஆறாவது கடிதம். ஒண்டுக்கும் பதில் இல்லை. பெண்சாதிக்குக் கோவம் வரலாம், அதுக்காக இவ்வளவு நீளமோ?

சாப்பாட்டுக்கடையிலை கோப்பை கழுவுறன். தமிழிலை கதைக்க ஒரு சனமில்லை, சட்டிபானையோடைதான் கதை. முதலாளியின்ரை மனிசி றூத் ஊராக்களைச் சேர்த்து நாடகம் போடுறா. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலை பழசான கிரேக்கரின்ரை பகிடி நாடகங்களிலை, கடல் வாற இடங்களாய்ப் பொறுக்கிச் சேர்த்தது. வள்ளத்திலை குந்தித் தண்டு வலிச்சுக் குண்டி புண்ணானவன், நாறின மீனை இப்பதான் பிடிச்சதெண்டு சத்தியம் பண்ணுறவன், அலையைக் கண்டு அலறுற வீரன். எல்லாம் எங்கடை பேசாலைக் கரையிலை நிக்கிற ஆக்கள்தான்!

இஞ்சை ஒருத்தருக்கும் தண்டு பிடிக்கத் தெரியாது. அதாலை தோணிக்காரன் வேஷம் எனக்கு. பலகை வள்ளம், உருட்டிக்கொண்டு போக அடியிலை சில்லு, நீலச் சீலைதான் கடல். ஒரேயொரு கரைச்சல். வள்ளத்திலை ஏறுறவனைப் பாத்து நான் "எங்கை போறாய்?" எண்டு கேக்க வேணும். கடலுக்குப் போறவனை ஆரும் அப்பிடிக் கேப்பினமோ, கேட்டால் போற காரியம் சரிவராதெல்லோ? வாய் வருகுதில்லை. எனக்கு ஜெர்மன் வராதெண்டு நினைச்சு றூத் அந்த வசனத்தைப் பெரிய எழுத்திலை எழுதித் தந்திருக்கிறா.

ஒரு வரியெண்டாலும் எழுது.

உன்ரை
பேர்சி

பேசாலை
9.11.1986

இஞ்சாருங்கோ,

ஆறு கடிதமும் கிடைச்சது. ஆறாவதைப் படிச்ச பிறகுதான் பேனை எடுத்தன். அட, சில்லுப் பூட்டின வள்ளத்திலையும் வழக்கம் பாக்கிறியளோ! நல்லாப் பாருங்கோ. அந்த வழக்கத்தை நம்பித்தான் நான் மோசம் போனன்.

நீங்கள் போன அண்டைக்கு விடியக் கட்டுச்சோறு கட்டித் தந்தன். எங்கை எண்டு கேக்கேல்லை. மீனோடை வருவியள் எண்டு குழம்புக்குக் கூட்டரைச்சு வைச்சன். மூண்டு நாள் கரையிலை நிண்டன். கோயில் மணி அடிக்கிற சங்கிலித்தாம் வீட்டை வந்து, துக்கமணி அடிப்பமோ எண்டு கேட்டார். நாலாம் நாள் உங்களோடை தொழிலுக்கு வாற றேமன்ட் அண்ணைதான் சொன்னார், உங்களை இராமேஸ்வரத்திலை தானே இறக்கி விட்டவராம், அங்காலை வெளிநாட்டுக்குப் போட்டியளாம்.

கூட்டாளிக்குச் சொல்லியிருக்கிறியள். எனக்கு ஏன் சொல்லேல்லை? ஆறு கடிதத்திலையும் அதுக்கு மறுமொழி இல்லை. அதை எழுதுங்கோ.

செசீலியா

பீல்
7.12.1986

என்ரை செசீலியா,

உன்ரை எழுத்தைக் கண்டு அழுதிட்டன்.

நேற்று நாடகம். ஏற வேண்டியவன் வள்ளத்திலை ஏறினான். சனம் முழுக்க என்ரை வாயைப் பாத்துக்கொண்டு இருக்குது. ஜெர்மன் வரேல்லை. "எங்கையடா போறாய் பேர்சி? அவளுக்குச் சொன்னியோ?" எண்டு தமிழிலை கத்திப்போட்டன். சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. கைதட்டு நிக்கேல்லை. நல்லாய் நடிச்சனாம். கண்ணைத் துடைக்காமல் அந்தச் சீலைக் கடலிலை தண்டு வலிச்சுக்கொண்டு போனன்.

மறுமொழி இதுதான். கடலிலை நேவிக்காரர் சுடத் தொடங்கினாப்பிறகு எனக்குக் கடல் பயம். வள்ளத்தைத் தள்ளாமல் வலையைத் திரும்பத் திரும்ப மடிச்சுக்கொண்டு நிப்பன். கடல்தொழில் செய்யிறவன் இதைப் பெண்சாதிக்கு எந்த வாயாலை சொல்லுறது? வெக்கம். "போகாதையுங்கோ" எண்டு நீ ஒருக்கால் சொல்லியிருந்தால் நான் நிண்டிருப்பன். அதுதான் சொல்லேல்லை.

மன்னிச்சுக்கொள். இஞ்சை இருக்கிறதுக்குப் பேர்மிற் சரிவந்த உடனை உன்னைக் கூப்பிடுறன். வருவாய்தானே?

உன்ரை
பேர்சி

பேசாலை
11.1.1987

இஞ்சாருங்கோ,

பயம் எண்டு சொல்லியிருந்தால் நானே கூட வந்து உங்களை இராமேஸ்வரத்திலை விட்டிட்டு வந்திருப்பன். அதிலை என்ன வெக்கம்?

உங்களிலை எனக்கு இப்ப கோவமில்லை. அதுதான் எனக்கே புதினமாய்க் கிடக்கு. இவ்வளவு நாளும் அந்தக் கோவத்தோடைதான் குடும்பம் நடத்தினன். அது போனாப்பிறகு இந்தக் கரையிலை காத்து நிக்க ஒண்டுமில்லை. சுவிசுக்கு நான் வரமாட்டன். கூப்பிட வேண்டாம். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரியுங்கோ, உங்களுக்குக் காதுக்குத்து வருத்தம் வாறது.

நாளைக்கு விடிய நானும் வெளிக்கிடுறன். கட்டுச்சோறு கட்டியாச்சு. றேமன்ட் அண்ணைக்குச் சொல்லேல்லை, உங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தான் போறன்.

எங்கை எண்டு மட்டும் கேக்காதையுங்கோ.

செசீலியா