மேட்டில் ஏறும்போது வந்த சத்தம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் சின்னவளும் நன்றாக இருக்கிறோம். காது ஆபரேஷன் கட்டோடு ஒரு பக்கமாகவே படுத்து உங்களுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டதாக, ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கிற அண்ணி சொன்னார். இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் சொல்வதை அண்ணி உங்கள் முகத்துக்கு நேராகக் கத்திச் சொல்ல, வார்டு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். இது நீங்கள் மட்டும் படிக்க வேண்டியது.

உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். பல் டாக்டர் காரின் இன்ஜினுக்குப் பெட்ரோல் தருகிற பம்பின் திருகில் நீங்கள் வைத்த சிவப்பு மை முத்திரையை உடைத்தேன். நம் பட்டறையில் யார் திருகைச் சரிபார்த்து வைக்கிறாரோ அவர்தான் அதன் மேல் மை வைப்பார், மற்றவர் தொடமாட்டார். உங்களுக்குச் சிவப்பு, எனக்கு மஞ்சள். கல்யாணமானதிலிருந்து நாம் சண்டை போடாத ஒரே விஷயம் இது. அதையும் நான் கெடுத்துவிட்டேன் என்று உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும், முழுவதும் படித்துவிட்டு வரட்டும்.

காரணம் சின்னவள். நேற்றுக் காலையில் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அப்பா என்னை டாக்டர் வண்டியில கூட்டிட்டுப் போனப்ப பாலத்து மேட்டுல வண்டிக்குள்ள குட்டியா மணி அடிச்சுதும்மா, அது என்ன மணி என்றாள். அப்பாவைக் கேட்க வேண்டியதுதானே என்றேன். கேட்டேன், ஆமாண்டா செல்லம்னு சிரிச்சார் என்றாள். பின்னலைப் பாதியில் விட்டேன். அன்றைக்கு ஓட்டிவிட்டு வந்து, மேட்டில் வெண்ணெய் மாதிரி ஏறுகிறது என்று நீங்கள் என்னிடம் சொன்னீர்கள்.

அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரே பட்டறைக்குப் போனேன். நின்ற இடத்தில் இன்ஜின் அத்தனை அழகாக ஓடியது. அதில் நான் குறையே சொல்ல மாட்டேன். பாலத்தில் ஏற்றி, மூன்றாவது கியரில் முழுக்க மிதித்தேன். டிங் டிங் டிங் என்று மெல்லியதாக வந்தது. குழந்தை சொன்னது சரிதான். திரும்பி வந்து பிளக்குகளைக் கழற்றினால் ஆறும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. இரண்டில் மிளகுப் பொடி தூவியது போல் புள்ளி. அதாவது, சுமை ஏறும்போது பம்ப் தருகிற பெட்ரோல் போதவில்லை. அப்படியே ஒரு மலையில் ஏற்றியிருந்தால் நீங்கள் பெற்ற பிள்ளையைப் போல் பார்த்துப் புதிதாக்கிய இன்ஜினில் பிஸ்டன் ஓட்டையாகி, ஏதோ ஒரு வளைவில் நின்றிருக்கும்.

அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டர் வந்து நின்றார். மறுநாள் விடியற்காலை மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறாராம். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கிற மனிதர் தன் வாயை மட்டும் மூடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியுமே. உங்க வீட்டுக்காரர் பல்லாலயே டியூன் பண்றார், ஸ்க்ரூடிரைவர் பிடியைக் கடிச்சுக்கிட்டு முனையை இன்ஜின்ல வைக்கிறார், பல்லு போனா என்கிட்டதான் வரணும் என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் எப்போதும் பிடியைக் காதில் வைத்துத்தான் கேட்பீர்கள். எப்போது பல்லுக்குப் போனீர்கள்? காதுக்கு வராத சத்தம் எலும்பு வழியாக வந்திருக்கிறது. வண்டி நிற்கும்போது அது போதும். மேட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எதைக் கடிப்பீர்கள்?

பிளக்குகளைத் திரும்ப மாட்டி, சத்தம் கேட்க இன்ஜினை ஓட விட்டு, பம்பின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டு வெகு நேரம் யோசித்தேன். கூடுதலாகத் திருகினால் பெட்ரோல் புது சிலிண்டரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும், குறைத்தால் பிஸ்டன் போய்விடும். இன்ஜினை நிறுத்தி, திருகை ஒரு பல் அளவு, அதாவது ஒரே ஒரு ‘க்ளிக்’ மட்டும் திருகி, மூடி, மறுபடி மேட்டுக்குப் போக வேண்டும். டாக்டருக்குப் பொறுமை இல்லை. ஓடிட்டு இருக்கும்போதே திருகினா வித்தியாசம் உடனே தெரியுமே என்று, நான் இன்ஜினை நிறுத்துவதற்குள் ஸ்க்ரூடிரைவரை உள்ளே கொண்டுபோனார். அவர் மணிக்கட்டை நான் பிடித்த பிடியில் விரல் பதிந்துவிட்டது. பம்புக்குள்ளே சுற்றுகிற இரும்பு எடைகளில் பட்டு அவை உடைந்தால் பம்பே போச்சு என்று சொன்ன பிறகுதான் அவர் முகம் வெளுத்தது.

முதல் பல்லுக்குச் சத்தம் குறைந்தது, போகவில்லை. இரண்டாவது பல் திருகிப் பாலத்தில் ஏறும்போது டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார். வாயை மூடிட்டு வாங்க டாக்டர் என்று சொல்லிவிட்டேன். மூடிக்கொண்டார். மிதித்தேன். மேடு முடியும் வரை காலை எடுக்கவில்லை. ஒரு டிங் கூட இல்லை, பின்னால் கரும்புகையும் இல்லை. பிளக்குகள், இருக்க வேண்டியபடியே, காப்பிப் பொடி நிறத்தில் வெளியே வந்தன.

அப்போ சார் வைச்சது தப்பா என்று டாக்டர் கேட்டார். புது இன்ஜின் கொஞ்ச நாள் ஓடிப் பழகினால் எல்லாருமே மாற்றி வைப்பதுதான் என்று பொய் சொன்னேன். நம்பினாரா தெரியாது. இன்று காலை குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். மத்தியானம் மேலே போய்ச் சேர்ந்து போன் செய்தார். அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவரிடம் சொன்ன பொய்யை உங்களிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உங்கள் மேல் எனக்கு ரொம்பக் கோபம். காது மந்தமானதற்கு இல்லை. காதில் வலி என்று மட்டும் சொல்லி, மந்தமானதை எனக்குத் தெரியாமல் சமாளித்துக்கொண்டு, அந்த வண்டியில் நம் குழந்தையையும் உட்கார வைத்தீர்களே, அதற்கு. கூடவே ஒரே இடத்தில் நின்று வேலை செய்கிற எனக்கு இது தெரியவில்லையே என்று என் மேலும் கோபம். இதை எழுதும்போதும் அழுகைதான் வருகிறது.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். அண்ணியைத் திட்டாதீர்கள், அவர் தூங்கியே பல நாள் ஆகிறது. வருகிற வாரம் கட்டைப் பிரித்ததும் காது டாக்டர் உங்கள் முதுகுப் பக்கம் நின்று மெதுவாகப் பேசிப் பார்ப்பாராம். வீட்டுக்குப் போனால் போதும் என்று குத்துமதிப்பாகப் பதில் சொல்லித் தப்பித்து வந்துவிடாதீர்கள். இன்னொரு ஆபரேஷன் என்றாலும் செய்துகொள்வோம். மிஷின் மாட்டிக்கொள்ளச் சொன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். ஒன்றுமே சரிப்படாது என்றாலும் வாருங்கள், நாம் பார்த்துக்கொள்ளலாம். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அவர் பேசுவது காதில் விழாவிட்டால், விழவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, கோபம் இன்னும் தீராத,
உங்கள் மனைவி